வழக்குக் காப்பீடும் அரசின் காவலும்



வழக்கு என்ற சொல்லைக் கேட்டவுடனே நம் ஊர்ப் பெரியவர்கள் அஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள். நீதிமன்றத்தில் வென்றவன் தோற்றான், தோற்றவன் மாண்டான் என்று அவர்கள் சொல்வது வழக்கம். இந்தச் சொல்லில் நீதிபதியின் மீது அவநம்பிக்கை இருப்பதாக நான் கருதவில்லை. நீதி கிடைக்கும் என்று உறுதியாக நம்புகிறவனும், அதைப் பெறுவதற்கு ஆகும் பொருட்செலவை எண்ணியே கலங்குகின்றான். வக்கீல் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், சாட்சிகளை அழைத்து வரும் செலவு, வேலையை விட்டு அலையும் நாட்களின் இழப்பு ஆகிய இவ்வளவையும் கூட்டிப் பார்த்துவிட்டு, “நமக்கு ஏன் இந்த வம்பு?” என்று தன் உரிமையைத் தானே கைவிடுகின்றவர் எத்தனையோ பேர்.

உயிருக்குக் காப்பீடு உண்டு. தீ விபத்துக்குக் காப்பீடு உண்டு. மோட்டார் வண்டிக்கும் உண்டு. இவற்றை நீங்கள் அறிவீர்கள். வழக்குச் செலவுக்கும் காப்பீடு உண்டு என்பதை உங்களில் பலர் அறிந்திருக்க மாட்டீர்கள். ஐரோப்பாவில், சிறப்பாக ஜெர்மனி, ஆஸ்திரியா, நெதர்லாந்து, சுவீடன் முதலிய நாடுகளில், சாதாரணக் குடும்பத்தினரும் அறிந்த ஒன்று இது. இந்தக் காப்பீட்டை அரசு எவ்வாறு நெறிப்படுத்துகின்றது, ஏன் நெறிப்படுத்த வேண்டியதாயிற்று என்பதே இன்றைய பேச்சின் பொருள். அயல்நாட்டுச் செய்தி ஆயிற்றே என்று ஒதுக்கிவிட வேண்டாம். சட்டம் எந்தத் தேவையிலிருந்து பிறக்கின்றது, பிறந்தபின் எவ்வாறு வளர்கின்றது என்பதை அறிவதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எளிதில் கிடைக்காது.

முதலில் இதன் அடிப்படைக் கணக்கைப் பார்ப்போம். எண்கள் யாவும் விளக்கத்திற்காக நான் புனைந்துகொண்டவை. ஓர் ஊரில் 1,000 குடும்பங்கள் ஆண்டுக்கு 100 ரூபாய் வீதம் ஒரு நிறுவனத்தில் செலுத்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். சேரும் தொகை 1,00,000 ரூபாய். அந்த ஆண்டில் 20 குடும்பங்களுக்கு வழக்கு நேருகின்றது. ஒவ்வொரு வழக்குக்கும் 4,000 ரூபாய் செலவு என்றால், ஆகும் தொகை 80,000 ரூபாய். மிச்சமுள்ள 20,000 ரூபாய் நிறுவனத்தின் நிர்வாகச் செலவுக்கும் ஊதியத்திற்கும் ஆகும். ஒரு குடும்பத்தைக் குடைசாய்க்கக்கூடிய 4,000 ரூபாய்ச் சுமையை 1,000 குடும்பங்கள் பகிர்ந்து கொள்கின்றன. காப்பீட்டின் தத்துவம் இவ்வளவுதான்.

இந்தத் தொழில் ஜெர்மனியில் தழைத்ததற்குத் தக்க காரணங்கள் உண்டு. அந்நாட்டில் பொதுவாக வழக்கில் தோற்றவர் தம் செலவை மட்டுமன்றி, வென்றவருடைய வக்கீல் கட்டணத்தையும் செலுத்த வேண்டும். ஆகவே வழக்காடத் துணிகிறவருக்கு இருமடங்கு அச்சம். அதே நேரத்தில், இந்தக் கட்டணங்கள் வழக்கின் பண மதிப்பை ஒட்டிச் சட்டத்தாலேயே வரையறுக்கப்பட்டுள்ளன. ஆகவே காப்பீட்டு நிறுவனம், ஒரு வழக்குக்கு என்ன செலவாகும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடிகின்றது. அச்சம் மிகுதியாகவும் கணக்கு எளிதாகவும் இருக்கும் இடத்தில் காப்பீடு வளர்வது இயல்பே.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தக் காப்பீட்டுக்கென்றே ஏற்பட்ட நிறுவனம் 1917 ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டில், மோட்டார்ப் பந்தயத்திற்குப் பெயர்பெற்ற லெ மான்ஸ் நகரில் தோன்றியது. மோட்டார் வண்டி பெருகத் தொடங்கிய காலம் அது. வண்டி பெருகினால் விபத்து பெருகும். விபத்து பெருகினால் வழக்கு பெருகும் அல்லவா? 1928 இல் ஜெர்மனியிலும் இத்தகைய நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. 1935 இல் டியூசல்டார்ஃப் நகரில் ஒரு வழக்கறிஞர் மற்றொரு நிறுவனத்தைத் தொடங்கினார். மோட்டார்க்காரர்களுக்காகத் தோன்றிய இந்தக் காப்பீடு, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், வேலைத் தகராறு, வாடகைத் தகராறு, வாங்கிய பொருளைப் பற்றிய தகராறு என்று வாழ்க்கையின் பல துறைகளுக்கும் விரிந்தது.

இனி, அரசு இதில் தலையிட வேண்டிய தேவை என்ன என்பதைப் பார்ப்போம். ஒருவருடைய வழக்குக்கு மற்றொருவர் பணம் கொடுப்பதை ஐயத்தோடு நோக்குவது பழைய சட்ட மரபு. இங்கிலாந்தில், வழக்கில் சம்பந்தமில்லாத ஒருவர் பிறர் வழக்குக்குப் பணம் உதவுவது நெடுங்காலம் குற்றமாகவே கருதப்பட்டது. 1967 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றே அதனைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. பணம் கொடுக்கிறவன் வழக்கையே தன் வசப்படுத்திக் கொள்வான் என்பதே அந்தப் பழைய அச்சம். அந்த அச்சம் முற்றிலும் பொய்யன்று.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். கொலோன் நகரில் ரொட்டிக் கடை வைத்திருப்பவர் ஒருவர் சைக்கிளில் செல்கின்றார். ஒரு சரக்கு லாரி அவர்மீது மோதி அவருடைய காலை முறித்துவிடுகின்றது. அவர் வழக்குச் செலவுக்காகக் காப்பீடு செய்திருக்கின்றார். “என் வழக்கை நடத்தித் தாருங்கள்” என்று தம் நிறுவனத்திடம் செல்கின்றார். லாரிக்காரரும் தம் வண்டியை அதே நிறுவனத்தில்தான் காப்பீடு செய்திருக்கின்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்பொழுது என்ன ஆகும்? ரொட்டிக் கடைக்காரர் வென்றால், இழப்பீட்டுத் தொகையைக் கொடுக்க வேண்டியது அந்த நிறுவனம். அவர் வெல்வதற்காக வக்கீலுக்குப் பணம் கொடுக்க வேண்டியதும் அந்த நிறுவனமே! தன் பணத்தைச் செலவிட்டுத் தன்னையே தோற்கடிக்க முற்படும் நிறுவனம் உலகில் உண்டா?

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. மற்றவர்களுக்கு அது நன்றியின் இலக்கணம். வக்கீலுக்கு அதனால் ஓர் இக்கட்டு ஏற்படுகின்றது. கட்சிக்காரருக்காக வாதாடும் வக்கீல், தமக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான வழக்குகளை அனுப்பும் நிறுவனத்தை நினைப்பாரா, தம் முன்னே கால் முறிந்து அமர்ந்திருக்கும் ஏழைக் கடைக்காரரை நினைப்பாரா? அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆயினும், ஒவ்வொருவருடைய நேர்மையையும் நம்பி வாளாவிருப்பது சட்டத்தின் வேலையன்று. நேர்மைக்குச் சோதனை வராதபடி முன்கூட்டியே வேலி அமைப்பது அதன் வேலை.

ஆக, இதில் மூன்று இடர்ப்பாடுகள் இருப்பதைக் காண்கிறோம். ஒரே நிறுவனம் இரு பக்கமும் நிற்பது முதலாவது. வக்கீலை நிறுவனமே பொறுக்குவது இரண்டாவது. “உமது வழக்கில் வெற்றிக்கு வழியில்லை, ஆகவே பணம் தர மாட்டோம்” என்று நிறுவனமே தீர்ப்புச் சொல்லிவிடுவது மூன்றாவது.

முதல் இடர்ப்பாட்டிற்கு ஜெர்மனி நாட்டு அரசு கடுமையான மருந்தொன்றைக் கண்டது. வழக்குச் செலவுக் காப்பீட்டை நடத்தும் நிறுவனம் வேறு எந்தக் காப்பீட்டையும் நடத்தலாகாது என்று தடை விதித்தது. வேர் இருந்தால்தானே முள் முளைக்கும்? வேரையே களைந்துவிட்டது. ஆனால் அண்டை நாடுகளில் இந்தத் தடை இல்லை. எல்லா நாட்டு நிறுவனங்களும் எல்லா நாடுகளிலும் தொழில் செய்யலாம் என்ற கொள்கையோடு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் உருவானபொழுது இந்த வேறுபாடு ஒரு சிக்கலாயிற்று. 1973 ஆம் ஆண்டில் காப்பீட்டைப் பற்றி அந்தச் சமூகம் வெளியிட்ட ஆணை, ஒரு பொது ஏற்பாடு காணும் வரையில் ஜெர்மனி தன் தடையை வைத்துக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்தது. அந்தப் பொது ஏற்பாடு கைகூட 14 ஆண்டுகள் ஆயின.

1987 ஆம் ஆண்டு ஜூன் 22 ஆம் நாள் பிறந்த ஆணையே அது. வழக்குச் செலவுக் காப்பீட்டுக்கென்றே இயற்றப்பட்ட அந்த ஆணை ஜெர்மனியின் தடையை நீக்கியது. நீக்கிய இடத்தை வெறுமையாக விடவில்லை. மூன்று வழிகளைக் காட்டியது. வழக்குக் காப்பீட்டைக் கவனிக்கும் ஊழியர், அதே நிறுவனத்திலோ அதனோடு தொடர்புடைய நிறுவனத்திலோ வேறு காப்பீட்டில் அதையொத்த வேலையைப் பார்க்கலாகாது என்பது ஒரு வழி. அந்த வேலையைத் தனி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்துவிடுவது இரண்டாவது வழி. உதவி கேட்கும் உரிமை பிறந்த அந்த நேரத்திலிருந்தே, காப்பீடு செய்தவர் தாம் விரும்பும் வழக்கறிஞரிடம் வழக்கை ஒப்படைக்கலாம் என்பது மூன்றாவது வழி. இவற்றுள் எதைக் கொள்வது என்பதை அந்தந்த நாடு முடிவு செய்யலாம். மேலும், இந்தக் காப்பீடு தனிப் பத்திரமாகவோ, பொதுப் பத்திரத்தில் தனிப் பகுதியாகவோ இருத்தல் வேண்டும். வேறொன்றில் ஒளிந்திருக்கலாகாது என்றும் விதித்தது.

இரண்டாம் இடர்ப்பாட்டிற்கும் அந்த ஆணையிலேயே விடை உண்டு. நீதிமன்றத்திலோ அரசு அலுவலர் முன்னரோ ஒருவருக்காக வாதாட வழக்கறிஞர் தேவைப்படும்பொழுது, அவரைத் தெரிந்தெடுக்கும் உரிமை காப்பீடு செய்தவருடையது. நிறுவனத்தின் நலனும் அவருடைய நலனும் மோதும் போதெல்லாம் அந்த உரிமை உண்டு. மூன்றாம் இடர்ப்பாட்டிற்கு விடை, நடுவர் முறை. வழக்கில் வெற்றி வாய்ப்பு உண்டா இல்லையா என்பதில் இருவர்க்கும் கருத்து வேற்றுமை வந்தால், நடுநிலையான ஒருவரிடம் செல்ல வழி இருத்தல் வேண்டும். அப்படி ஒரு வழி இருப்பதை நிறுவனமே அவருக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டும்.

இந்த விதிகள் 1990 ஜூலை முதல் நாளுக்குள் உறுப்பு நாடுகளில் நடைமுறைக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. இங்கிலாந்தின் விதிகளும் அந்த நாளிலேயே அமுலுக்கு வந்தன. 2009 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2016 சனவரி முதல் செயற்படும் விரிவான காப்பீட்டு ஆணையினுள் பழைய விதிகள் பொருள் மாறாமல் சேர்க்கப்பட்டுள்ளன.

ஜெர்மனி இன்று மேற்கொண்டுள்ள முறையை நீங்கள் கவனித்தல் நன்று. பல வகைக் காப்பீடுகளை நடத்தும் நிறுவனம், வழக்குக் காப்பீட்டு வேலையைத் தனி நிறுவனத்திடம் ஒப்படைத்தல் வேண்டும். தாய் நிறுவனத்தின் இயக்குநராயினும் ஊழியராயினும், ஒரு தனிப்பட்ட வழக்கைக் குறித்து அந்தத் தனி நிறுவனத்திற்குக் கட்டளையிட முடியாது. 2008 இல் நடைமுறைக்கு வந்த காப்பீட்டு ஒப்பந்தச் சட்டத்தில் மற்றொரு நுட்பம் உண்டு. வெற்றி வாய்ப்பு இல்லை என்று மறுக்கும் நிறுவனம், நடுநிலை ஆய்வுக்கு வழி உண்டு என்பதைக் காப்பீடு செய்தவருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறினால், அல்லது அத்தகைய வழியே ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், அவருடைய கோரிக்கையை நிறுவனம் ஒப்புக்கொண்டதாகவே சட்டம் கொள்ளும். அறியாதவனுடைய அறியாமையால் அறிந்தவன் ஆதாயம் பெறக்கூடாது என்ற அறம், இங்கே சட்ட வடிவம் பெற்றிருக்கின்றது.

விதி எழுதிவிட்டால் போதுமா? போதாது. எழுதிய விதிக்குள் சந்து தேடுவது மனித இயல்பு. ஆகவே லக்சம்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் பலமுறை விளக்கம் கூற வேண்டியதாயிற்று.

முதல் வழக்கு ஆஸ்திரியாவிலிருந்து வந்தது. முதலீட்டு நிறுவனங்கள் நொடித்துப் போனமையால் பலர் ஒருங்கே பணத்தை இழந்தனர். அவர்களுள் ஒருவர் தாம் விரும்பிய வழக்கறிஞரை அமர்த்தினார். “ஒரே காரணத்தால் பலர் பாதிக்கப்பட்டால், எல்லோருக்கும் வழக்கறிஞரை நாங்களே நியமிப்போம் என்று பத்திரத்தில் எழுதியிருக்கின்றோமே” என்றது காப்பீட்டு நிறுவனம். அந்த வாசகம் செல்லாது என்று 2009 செப்டம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நூறு பேருக்கு ஒரே துன்பம் நேர்ந்தாலும், ஒவ்வொருவருடைய உரிமையும் தனித்தனி உரிமையே.

அடுத்தது நெதர்லாந்து வழக்கு. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர், தம் பழைய முதலாளிமீது வழக்குத் தொடுக்க விரும்பினார். அந்த வகை வழக்கில் வழக்கறிஞர் கட்டாயம் வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் சொல்லவில்லை. ஆகவே, “வழக்கறிஞர் எதற்கு? எங்கள் ஊழியரே நடத்துவார், வெளியாரிடம் ஒப்படைப்பது அவசியம் என்று நாங்கள் கருதினால்தான் உமக்குத் தெரிவு” என்றது நிறுவனம். அந்த ஊழியர் வழக்கறிஞர் அல்லர். 2013 நவம்பரில் நீதிமன்றம் இதனையும் மறுத்தது. தெரிந்தெடுக்கும் உரிமை ஒருவருக்கு உண்டா இல்லையா என்பது, அந்த உரிமைக்காகப் பணம் கொடுக்க வேண்டியவருடைய விருப்பத்தைப் பொறுத்திருக்குமானால், அதை உரிமை என்று அழைப்பது எங்ஙனம்?

2020 மே மாதத்தில் பெல்ஜியத்திலிருந்து வந்த வழக்கில், வழக்காடாமல் இருதரப்பையும் இணக்குவிக்கும் சமரச முயற்சியிலும் இந்த உரிமை உண்டு என்று அதே நீதிமன்றம் கூறியது. வழக்குக்கான நடவடிக்கை என்ற சொல்லின் பொருள் இவ்வாறு படிப்படியாக விரிந்தது.

இவ்வளவும் கேட்டபின், நிறுவனங்கள் யாவும் தீயவை என்ற எண்ணம் உங்களுக்கு ஏற்படலாகாது. அவற்றின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. தீ ஒருவன் விருப்பத்தால் பற்றுவதில்லை. வழக்கோ பெரும்பாலும் ஒருவன் விருப்பத்தால் தொடங்குவது. பிறர் பணத்தில் வழக்காடலாம் என்றால் சிறு மனத்தாங்கலுக்கும் நீதிமன்றம் ஏறுகிறவர் இருப்பர். அத்தனை செலவும் மற்றக் குடும்பங்கள் செலுத்தும் சந்தாவின்மீதே ஏறும். ஆகவேதான் ஒப்பந்தங்களில் காத்திருப்புக் காலம், செலவின் உச்ச வரம்பு, ஒரு பகுதியைக் காப்பீடு செய்தவரே ஏற்றல் முதலிய நிபந்தனைகள் வைக்கப்படுகின்றன. நீதிமன்றமும் இதனை மறக்கவில்லை. 2011 ஆம் ஆண்டின் ஓர் ஆஸ்திரிய வழக்கில், நீதிமன்றம் இருக்கும் ஊரின் வழக்கறிஞருக்கு ஆகும் செலவை மட்டுமே கொடுப்போம் என்று நிறுவனம் வரம்பு கட்டலாம் என்று ஒப்புக்கொண்டது. ஆனால், தெரிந்தெடுக்கும் உரிமை பெயரளவில் நின்றுவிடும்படி அந்த வரம்பு அமைதல் கூடாது என்றும் சேர்த்துச் சொல்லியது. தொகைக்கு எல்லை கட்டலாம், உரிமையை ஒழிக்கலாகாது. இந்த நிதானம் போற்றத்தக்கது.

இறுதியாக ஒரு கேள்வி. சந்தா கட்ட வகையற்றவர்களின் நிலை என்ன? சுவீடன் நாட்டில் வழக்குச் செலவுக் காப்பீடு பெரும்பாலும் வீட்டுக் காப்பீட்டோடு சேர்ந்தே வருகின்றது. 1997 டிசம்பர் முதல் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்த சட்டம், காப்பீடு உள்ளவர் முதலில் அதையே நாடுதல் வேண்டும், அரசின் சட்ட உதவி அதற்குப் பின்னரே என்று மாற்றியது. காப்பீடு செய்திருக்க வேண்டிய நிலையில் இருந்தும் செய்யாதவருக்குச் சிறப்புக் காரணம் இருந்தாலொழிய உதவி இல்லை என்றும் கூறியது. அரசின் செலவு குறையும் என்பது உண்மை. ஆனால், முன்பு குடிமகன் என்ற முறையில் அரசிடம் கேட்ட ஒன்றை, இப்பொழுது வாடிக்கைக்காரன் என்ற முறையில் ஒரு நிறுவனத்திடம் கேட்கின்றான். ஒப்பந்தத்தில் எந்த வகை வழக்கு விலக்கப்பட்டிருக்கின்றதோ, அந்த வகை வழக்கில் அவன் கை வெறுங்கையாகிவிடும் இடரும் உண்டு. அரசு தன் சுமையை நிறுவனத்தின் தோளுக்கு மாற்றும்பொழுது, மேற்பார்வைப் பொறுப்பு முன்னைவிடப் பன்மடங்கு பெருகுகின்றது என்பது என் கருத்து. காப்பீடு, சட்ட உதவிக்குத் துணையாக இருக்கலாம். அதனுடைய இடத்தை முழுதும் பிடித்துக்கொள்ளலாகாது.

மாணவர்களே! உங்களில் சிலர் நாளை வழக்கறிஞர் ஆவீர்கள். சிலர் காப்பீட்டுத் துறையில் அலுவல் பார்ப்பீர்கள். அனைவரும் ஏதேனும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவீர்கள். அப்பொழுது இன்று பார்த்த மூன்று கேள்விகளை நினைவில் கொள்ளுங்கள். எனக்காகப் பேசுகிறவரைத் தெரிந்தெடுப்பவர் யார்? அவருக்குப் பணம் கொடுப்பவருடைய நலன் என் நலனோடு மோதுமா? எங்களுக்குள் வேற்றுமை வந்தால், நடுவில் நின்று சொல்பவர் எவர்? பத்திரத்தின் பொடி எழுத்துக்களுக்குள் இந்த மூன்றுக்கும் விடை இருக்கின்றதா என்று பொறுமையாகப் படித்துப் பாருங்கள். விடை அகப்படவில்லையானால், கையெழுத்திடுவதற்கு முன்னரே கேட்டுவிடுங்கள்.